கோயில், ஊர், வீடு: மூன்றையும் ஒரே ஆளால் பார்க்க முடியுமா?

2025 ஜனவரி 11, காலை. ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

எங்கள் பக்கம் பெரியவர் யார் தவறினாலும் நினைவஞ்சலித் தாளில் இதே வரிதான்: சிறந்த குடும்பத் தலைவர், பக்திமான், ஊருக்கு உழைத்தவர். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்து நான் பார்த்ததில்லை. கோயில் கமிட்டிக்காரர் வீட்டுக்குச் சாப்பிடவே வருவதில்லை. ஊர் வேலை பார்ப்பவர் பிள்ளைக்குப் பீஸ் கட்ட மறந்துவிடுவார். வீட்டை ஒழுங்காகப் பார்ப்பவர் ஊர்க்கூட்டம் என்றாலே நழுவிவிடுவார். யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். கேள்விப்பட்ட கதை வேண்டாம்.

ஜனவரி 11, மதியம்

நான் பார்த்திருக்கிறேன். என் மாமனார். சென்னிமலையில் தறி நெய்தவர், போன ஆவணியில் தவறினார். பெற்ற பிள்ளைகளுக்குப் பாசம் கண்ணை மறைக்கும். புதுசாக வந்த மருமகளுக்கு வீட்டில் எல்லாமே கண்ணில் படும். அப்படிப் பார்த்தவள் எழுதுகிறேன்.

இன்றைக்கே எழுதக் காரணம் உண்டு. இன்று குமரன் நினைவு நாள். 1904-ல் எங்கள் சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரி 11 அன்று திருப்பூரில் உயிர்விட்ட கொடிகாத்த குமரன். மாமா வருடா வருடம் இந்த நாளில் காலையிலேயே தறியில் உட்காரமாட்டார். குளித்துத் திருநீறு பூசி, குமரன் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, "நம்மூர்த் தறிக்காரப் பையன், 27 வயசு" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வார். அப்புறம்தான் டீ. இன்று காலை அந்தப் பூவை அத்தை போட்டார்.

மாமா செய்தது என்னவென்றால், தெரு மாரியம்மன் கோயில் நோம்பிக் கணக்கு (திருவிழாவுக்கு எங்கள் பக்கம் நோம்பி என்றுதான் பேர்), பழனி பாதயாத்திரைக் குழுக் கணக்கு, டிபி நோயாளிகளுக்கு மாத்திரை கொடுப்பது. எதற்கும் சம்பளம் கிடையாது. கிருத்திகை தவறாமல் 1,320 படி ஏறி மலைக்கோயிலுக்குப் போவார். நோட்டீஸில் பெயர் போட ஒரு தடவைகூட விட்டதில்லை. விரிவாக அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 12

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய பக்தி எனக்கு முதலில் புரிந்தது அங்கேதான்.

எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. பூச்சாட்டி, கம்பம் நட்டு, மாவிளக்கு, பொங்கல், மஞ்சள் நீராட்டு என்று முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நாளும் ஊர்ப் பணம் யாரோ ஒருவர் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். எங்கள் தெருவுக்கு அது மாமாவின் வீடு. சாமி படத்துக்குக் கீழே மாடத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். பூட்டு கிடையாது.

அந்த டின்னிலிருந்து சில்லறை மாற்றக்கூட விடமாட்டார். கல்யாணமான புதுசு. பால்காரர் வாசலில் நிற்கிறார், என் கையில் நூறு ரூபாய்த் தாள், டின்னில் பத்து ரூபாய்க் கட்டே இருக்கிறது. மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அம்மிணி. இன்னிக்கி மாத்துவோம், நாளைக்கிக் கைமாத்தா எடுப்போம், அப்புறம் எது நம்முளுது எது ஊருதுன்னு கைக்கே மறந்துரும்" என்றார். பால்காரருக்கு மறுநாள் கொடுத்தோம்.

மறுபூஜை அன்று மைக்கில் கணக்கு படிப்பார். மொத்த வரவு, மொத்தச் செலவு என்று இரண்டு வரியில் முடிக்கும் வேலையெல்லாம் இல்லை. பந்தல்காரர் முன்பணம், மேளக்காரர் படி, எலுமிச்சம்பழம், பூக்கட்டியவர்களுக்கு டீ, ஒடிந்துபோன டியூப்லைட் என்று வரிவரியாக வரும். வரி கொடுக்க முடியாதவர்கள் பெயரை மட்டும் படிக்கமாட்டார். அந்த இடத்தில் "ஊர் பொறுப்பு" என்று எழுதியிருப்பார். யாருடையது என்று அவருக்கும் நோட்டுக்கும்தான் தெரியும்.

ஒரு வருடம் ஒரு இளைஞர் எழுந்து, "சாமி கணக்கை எதுக்குங் இப்புடி மைக்குல படிக்கோணும்? சாமிக்குத் தெரியாதுங்ளா?" என்று கேட்டார். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாமிக்குத் தெரியும் தம்பி. உங்களுக்குத் தெரியோணுமில்ல" என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து படித்தார். கூட்டம் சிரித்தது, கேட்ட இளைஞரும் சிரித்தார். அடுத்த வருடத்திலிருந்து அந்த இளைஞர்தான் வசூலுக்கு மாமாவோடு வீடு வீடாகப் போனவர்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

"கணக்கு சரி, வீட்டில் எப்படி?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் உறம்பரை (விருந்தாளிகள்) நிறைய, நேரம் கிடைத்தபோது கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

விடியுமுன் எழுந்துவிடுவார். தறிக்குத் தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைக் குழலில் சுற்றுவது, பெரும்பாலான வீடுகளில் பெண்கள் வேலை. சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, அதற்கு நடுவில் ராட்டையிலும் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைய தாரை மாமாவே விடிவதற்குள் சுற்றி வைத்துவிடுவார். அத்தைக்கு மூட்டு வலி வந்த பிறகு தொடங்கியதா என்று கேட்டேன். "எம்பொண்ணு வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சது, அப்புறம் நிறுத்தவே இல்ல" என்றார் அத்தை.

மதியம் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்து அத்தையோடு உட்கார்ந்துதான் சாப்பாடு. கோயில் வேலை நடக்கிற நாளிலும், கமிட்டியில் எல்லோருக்கும் சாப்பாடு வந்திறங்கினாலும், சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஊர்ப் பணத்துச் சாப்பாடு வேண்டாம் என்பது ஒரு காரணம். அத்தை தனியாகச் சாப்பிட வேண்டாம் என்பது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று நாங்கள் கேட்டதுண்டு. சிரிப்பாரே தவிரப் பதில் வராது.

நான் பெருந்துறைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த வருடங்களில் என் மகளுக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னி அனுப்பியது அவர். பாவு பிணைக்கிற விரல், இழை தவறாது. வகிடு மட்டும் கோணலாகப் போகும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் "இன்னிக்கி தாத்தா சடையா?" என்று கேட்பாராம். மகளுக்கு அதில் பெருமை. நான் விடுப்பு எடுத்த நாளிலும் "தாத்தாதான் பின்னோணும்" என்று போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் சமையல். அரிசியும் பருப்பும் போட்டு ஒரே சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் பொரியல். வேறெதுவும் செய்யத் தெரியாது. நாங்களும் வேறெதுவும் கேட்டதில்லை.

ஜனவரி 16

"தறி வீட்டில் எல்லா ஆண்களும் அப்படித்தான், வீட்டிலேயே வேலை, வேறு எங்கே போவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டைக் காட்டட்டும்? வாரக் கூலி வாங்கின சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வராதவர்கள் எத்தனை பேர்? வீட்டிலேயே தறி இருந்துவிட்டால் மனசும் வீட்டில் இருந்துவிடாது.

ஜனவரி 19

இதை எழுதலாமா என்று யோசித்தேன். நல்லதை மட்டும் எழுதினால் ஈரோட்டுக்காரர் சொன்ன நினைவஞ்சலித் தாள் போலத்தான் ஆகும். என் கணவரிடம் கேட்டேன், எழுது என்றார்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு நடந்தது. நாத்தனார் கோயமுத்தூரில் கல்லூரியில் சேர வேண்டும். மறுநாள் பீஸ் கட்டக் கடைசி நாள். நெசவாளர் சங்கத்தில் வர வேண்டிய கூலி தள்ளிப்போய்விட்டது. வாரம் முடிவதற்குள் வந்துவிடும் என்பது உறுதி. மாடத்தில் டின் நிறைய நோம்பி வரி. வசூல் முடிந்து பந்தல்காரருக்குக் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. எடுத்துக் கட்டிவிட்டு வாரக் கடைசியில் வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது, யாருக்கும் நட்டமும் இல்லை.

மாமா எடுக்கவில்லை. அத்தையின் வளையலை அடகு வைத்துப் பீஸ் கட்டினார்.

என் கணவர் இதைப் பெருமையாகத்தான் சொல்வார். நானும் பெருமையாகத்தான் கேட்டேன்.

ஜனவரி 20

கொழுந்தனார் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். அது வளையல் இல்லை, அட்டிகை, அம்மாவின் பிறந்த வீட்டுச் சீர் என்கிறார். என் கணவர் வளையல்தான் என்கிறார். அண்ணனும் தம்பியும் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. நடுவில் அத்தை போனை வாங்கி, "ரெண்டுந்தான் போச்சு. வளையல் திரும்பி வந்துச்சு, அட்டிகை வரல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அட்டிகை ஏலத்தில் போயிருக்கிறது. பிள்ளைகள் இருவருக்கும் இத்தனை வருடமாகத் தெரியாது.

பிப்ரவரி 2

இரண்டு வாரம் எழுதவில்லை. அத்தையிடம் நேரம் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

ஊர்ப் பணத்தை எடுத்துக் கட்டியிருக்கலாம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். "சேச்சே, அதத் தொட்டிருந்தா நானே விட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு எதில் வருத்தம்? "எங்கிட்டக் கேக்காம எடுத்துட்டுப் போனாரு. நான் வாய்க்காலுக்குத் துவைக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா பெட்டி தெறந்து கெடக்குது. கேட்டிருந்தா நானே கழட்டிக் கொடுத்திருப்பேன்ல."

இதைக் கேட்ட பிறகு நான் ஜனவரி 12 அன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பத்து ரூபாய்ச் சில்லறையைக்கூட டின்னிலிருந்து மாற்றவிடாத மனிதர், மனைவியின் பெட்டியைத் திறக்கும்போது அது தன்னுடையது என்றே நினைத்திருக்கிறார். ஊருக்கு இருந்த எல்லைக்கோடு வீட்டுக்குள் இல்லை. அந்தத் தலைமுறையில் அதைத் தவறென்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனாலும் அத்தையின் வருத்தம் நியாயமானது, அதை இங்கே எழுதாமல் மாமாவைப் பற்றி மேலே எதுவும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமாவுக்கு வீட்டுக் கணக்குக்கென்று தனி நோட்டு உண்டு. கருமாதி முடிந்து அலமாரியை ஒழுங்கு செய்தபோது அவற்றைப் பார்த்தோம். ஒவ்வொரு சித்திரையிலும் புது நோட்டின் முதல் பக்கத்தில் கொடுக்க வேண்டிய பாக்கிகளை எழுதுவார். மளிகை, நூல், சீட்டு. எல்லா வருடமும் கடைசி வரியாக ஒன்று இருந்தது: "வீட்டில் – அட்டிகை." அது என்னவென்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. நடுவில் ஒரு வருடம் அத்தைக்குச் சங்கிலி வாங்கிக் கொடுத்திருக்கிறார், செலவில் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும் அந்த வரியை அடிக்கவில்லை. கடைசி நோட்டிலும் இருக்கிறது.

அத்தையிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கேட்டிருந்தாப் போதும்" என்றார் மறுபடியும்.

பிப்ரவரி 12, தைப்பூசத்துக்கு மறுநாள்

"மாமா மன்னிப்புக் கேட்டாரா, அத்தை மன்னித்தாரா" என்று கேட்பவர்களுக்கு: அது அவர்கள் இருவருக்குள் உள்ளது. எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன்.

நேற்றுத் தேர் பார்த்துவிட்டு வந்தேன். சென்னிமலைக்காரர்களுக்குத் தைப்பூசம் என்றால் தேரும் அதற்குப் பின்னால் வருகிற மகாதரிசனமும்தான். அபிஷேகத் தீர்த்தம் மலைக்குப் பொதிகாளை மேல் ஏறும் ஊர் எங்களுடையது. 1984-ல் இரட்டைக் காளை பூட்டிய வண்டி அந்த 1,320 படியிலும் ஏறியதை மாமா கூட்டத்தில் நின்று பார்த்தவர். அதைச் சொல்ல ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். பேரப்பிள்ளைகள் வேண்டுமென்றே வருடத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் காளைகள் இன்னும் கொஞ்சம் வேகமாக ஏறும்.

பாதயாத்திரை பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ரோட்டை அடைத்துக்கொண்டு நடக்கிறார்கள், போகிற வழியெல்லாம் பிளாஸ்டிக் தட்டு, பாட்டுச் சத்தம், இதில் என்ன பக்தி என்று. கோபம் நியாயம். மாமாவும் இதையேதான் சொல்வார், எங்கள் குழுவுக்குள்ளேயே.

காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் குழு எங்களுடையது. காவடி எடுப்பவர்கள், பாட்டுப் பாடுபவர்கள் எல்லாம் முன்னால் போவார்கள். மாமா எப்போதும் கடைசி ஆள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ரோட்டின் வலது ஓரமாக வரிசையாகத்தான் நடக்க வேண்டும், இருட்டினால் முதல் ஆளும் கடைசி ஆளும் பளபளக்கிற பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். தோள்பையில் உப்பு, பஞ்சு, துணிக்கட்டு, ஓமத்திரவம், இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. யாருக்குக் காலில் கொப்புளம் வந்தாலும் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் காலைக் கழுவி, தோலைக் கிழிக்காமல் பஞ்சு வைத்துக் கட்டிவிடுவார். வயதில் சின்னவர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள், பெரியவர் காலைத் தொடுவதா என்று. "சாமிகிட்டப் போற காலு, நீட்டு" என்பார்.

அன்னதானம் முடிந்த இடத்தில் தட்டுப் பொறுக்குவதும் அவர்தான். நாளாக நாளாக மற்றவர்களும் குனிந்தார்கள். இப்போது சாக்கு எடுத்துக்கொண்டுதான் குழு கிளம்புகிறது. எல்லாக் குழுவும் அப்படி இல்லை என்பது உண்மைதான். கோபப்படுகிறவர் எங்கள் பின்னால் ஒரு தடவை நடந்து பாருங்கள், வலது ஓரமாக.

பிப்ரவரி 13

பாட்டு பற்றிக் கேட்டிருந்தார்கள். மாமா பாடுவார், தாளம் நிற்காது. முன்னால் போகிறவர்கள் நடையைத் தப்பவிட்டுச் சிரிப்பார்கள். அதனாலும்தான் கடைசி ஆள் என்று அத்தை சொல்வார்.

மார்ச் 3

கண்தானம் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், மாமா கொடுத்தார். விடியற்காலை உயிர் பிரிந்தது. நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டு நிற்கிறோம், அத்தைதான் முதலில் எழுந்து மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மாமா அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாராம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும், அதனால் உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வையுங்கள். விசிறி வேண்டாம், கண் உலர்ந்துவிடும். தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். அவர்களே வீட்டுக்கு வந்து எடுப்பார்கள், அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் கோரமாகாது. கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோய் உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகியிருந்தது. உயிரோடு இருக்கும்போது பதிவு செய்யாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். வீட்டில் எல்லோரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள், அதுதான் முக்கியம். துக்கத்தில் யாருக்கும் நினைவு வராது.

"அடுத்த பிறவியில் கண் தெரியாமல் பிறப்பார்கள் என்கிறார்களே" என்று எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெரியம்மா கேட்டார். அதற்கும் மாமா பதில் சொல்லி வைத்திருந்தார்: "குடுத்தவனுக்குக் கொறைய வெக்கற சாமிய நான் கும்புடல."

மார்ச் 24

இன்று காசநோய் தினம். 1882-ல் இதே நாளில்தான் ராபர்ட் கோக் இந்த நோய்க்கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். டிபி பற்றி எழுத இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

மாமாவின் அப்பாவுக்கு டிபி. தறிக்குழியில் உட்கார்ந்தே இருமுவாராம். ஜன்னல் சின்னது, நூல் தூசி, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். பெருந்துறை சானடோரியத்தில், டிபிக்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில், மாதக்கணக்காக வைத்திருந்தார்கள். இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிற அதே இடம். அவர் அங்கே இருந்த நாட்களில் வீட்டுக்குத் தெருவில் யாரும் வரமாட்டார்கள். நெருப்புக் கேட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போவார்களாம். மாமா அப்போது சின்னப் பையன். அப்பா திரும்பி வரவில்லை.

1956-ல் சென்னையில் தொடங்கிய டிபி ஆராய்ச்சி மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்தது போலவே குணமாகிறது, வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதலாகப் பரவுவதும் இல்லை என்று 1959-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இதை நான் படித்து மாமாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. "மெட்ராசுலயே கண்டுபுடிச்சாங்களா" என்று மட்டும் கேட்டார்.

பிற்காலத்தில், கண் முன்னால் மாத்திரையை விழுங்கவைக்கும் முறை வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதிய ஒரு பெட்டி, முழுச் சிகிச்சைக்கான மாத்திரையும் அதற்குள். அப்போது வாரம் மூன்று நாள். சுகாதார நிலையத்துக்கு அத்தனை தடவை போய்வரக் கூலிக்காரரால் முடியாது என்பதால், ஊரில் நம்பகமான ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்து வைப்பார்கள். எங்கள் பகுதிக்கு மாமாவின் திண்ணை.

விடிந்தும் விடியாததுமாக வருவார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும் என்று அவர்கள் சொன்னதால், நர்சைக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கம்பங்கூழோ இட்லியோ கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். கூழ் காய்ச்சியது அத்தை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் நாளே, "கலர் மாறும், பயப்படாதீங்க, மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல் இரண்டு மாதம் கழித்து வரும். இருமல் நின்று, உடம்பு தேறி, பசி எடுத்து, "எனக்குத்தான் செரியாயிருச்சே" என்று வராமல் போவார்கள். ஆறு மாதத்தை முடிக்காவிட்டால் நோய் திரும்பும், அதே மாத்திரைக்கு அடங்காத நோயாகவும் திரும்பலாம். அப்படி நின்றவர் வீட்டுக்கு மாமா சைக்கிளில் போய்விடுவார். அறிவுரை சொல்லமாட்டார். வாசலில் உட்கார்ந்து, பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வைத்துவிட்டு, மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். அவர் விழுங்கும்வரை கிளம்பமாட்டார். குடித்துவிட்டுத் திட்டியவர்கள் உண்டு. மறுநாளும் போவார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த புதுசில், நூல் வாங்க இவ்வளவு பேர் வருகிறார்களே என்று நினைத்தேன். திண்ணையில் எப்போதும் நூல் கண்டுகள் அடுக்கியிருக்கும். வருகிறவர் கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார், அடுத்த தடவை அதை வாங்கி வைத்துக்கொள்வார். தெருவில் பார்ப்பவர்களுக்கு அவர் நூல் வாங்க வந்தவர், அவ்வளவுதான். தன் அப்பாவுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பெண்களும் அந்தத் திண்ணைக்கு வந்திருக்கிறார்கள். யார் யார் என்று அத்தைக்குக்கூட அவர் பெயர் சொன்னதில்லை. கூழ் குடித்துவிட்டுப் போனவர்களை அத்தைக்கு முகம் தெரியும், என்ன நோய் என்று தெரியாத மாதிரியே இருந்துவிட்டார்.

ஒருவருடைய பெட்டி காலியாகி, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும், கிருத்திகையாக இல்லாவிட்டாலும் மாமா அன்று மலை ஏறிவிடுவார். எதற்கென்று கேட்டால் "சும்மாதான்" என்பார்.

நேர்த்திக்கடன், பூஜை எல்லாம் அவரும் செய்தவர்தான். ஆனால் அவருடைய சாமி அவரிடம் என்ன கேட்டது என்று என்னைக் கேட்டால் இரண்டைச் சொல்வேன்: ஊருடையதை ஊருக்குக் கணக்குக் காட்டு, அடுத்தவர் மானத்தைக் காப்பாற்று. முதலாவதை மைக்கில் செய்தார், இரண்டாவதை வாயே திறக்காமல் செய்தார்.

இப்போது தினமும் மாத்திரை, முறை மாறிவிட்டது. சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது, முன்பு 500 ஆக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். தயவு செய்து போங்கள்.

மார்ச் 25

"பிள்ளைகள் இருக்க, கோயில் கணக்கு நோட்டு மருமகளிடம் எப்படி வந்தது" என்ற கேள்விக்கு. புரை முற்றி எழுத்துத் தெரியாமல் போன வருடம் மாமா நோட்டை என் கையில் கொடுத்தார். நான் பி.காம். படித்தவள், மகன்கள் இருவருக்கும் கணக்கு என்றாலே தூக்கம். மறுபூஜையில் ஒரு பெண் மைக் பிடித்துக் கணக்குப் படிப்பதா என்று இரண்டு மூன்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மாமா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "எலுமிச்சம்பழத்தயும் விட்றாத அம்மிணி" என்று மட்டும் சொன்னார். அறுவை முடிந்து கண் நன்றாகத் தெரிந்த பிறகும் நோட்டைத் திருப்பி வாங்கவில்லை.

ஏப்ரல் 13

பங்குனி உத்திரம் முடிந்தது. வரும் வாரம் எங்கள் தெருவுக்குப் பூச்சாட்டு. மாமா இல்லாத முதல் நோம்பி.

தெருவில் இப்போது ஒரு வாக்குவாதம். வரியை ஜிபேயில் வாங்கலாம், கியூஆர் அட்டை ஒட்டிவிடலாம் என்று இளைஞர்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் அங்கிருந்தே அனுப்பலாம், அதில் தவறே இல்லை. ஆனால் பணம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகும்? ஒருவர் "என் நம்பரையே கொடுங்கள், மொத்தமாக எடுத்துத் தருகிறேன்" என்கிறார். நல்லவர்தான், சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய சம்பளமும் ஊர் வரியும் ஒரே கணக்கில் கிடந்தால், பால்காரருக்காக நான் சில்லறை மாற்றக் கேட்ட கதைதான்.

கோயில் பெயரில் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைக்கலாம் என்றேன். ஒரு கையெழுத்து கமிட்டித் தலைவர். இன்னொன்று யார் என்றபோது, வசூலுக்கு மாமாவோடு நடந்த அந்தத் தம்பிதான் அத்தை பெயரைச் சொன்னார். அத்தை முதலில் மறுத்தார். அப்புறம், "செரி, போடறேன். ஆனா எங்கிட்டக் கேக்காம ஒரு ரூபா எடுக்கப்படாது, ஆமா" என்றார். தலைவர் தலையாட்டியிருக்கிறார்.

வங்கியில் சங்கப் பதிவு, விதிமுறைத் தாள், தீர்மான நகல், பான் அட்டை எல்லாம் கேட்கிறார்கள். பூச்சாட்டுக்குள் ஆகாது, அதனால் இந்த வருடம் டின்தான். தெருக்கோயிலுக்கு இப்படிக் கணக்கு தொடங்கியவர்கள் யாராவது இங்கே இருந்தால், சங்கமாகப் பதிவு செய்தீர்களா, அறக்கட்டளையாகவா, எது சுலபம் என்று எழுதுங்கள். அடுத்த நோம்பிக்குள் முடித்துவிட வேண்டும்.